ஏழாம் வகுப்பில் யார் படிக்கச் சொல்லித் தருவது?



போன இதழில் கையெழுத்தைப் பற்றி வந்த கட்டுரைக்குக் குவிந்த கடிதங்களில் பாதி, மைப்பேனாவையும் இரட்டைக் கோடு நோட்டையும் நினைத்து உருகிய கடிதங்கள். அவற்றை இந்த இதழில் இரண்டு பக்கம் நிறையப் போட்டிருக்கிறோம், படித்துச் சிரியுங்கள். ஒரு தமிழாசிரியையின் கடிதத்தை மட்டும் அந்தப் பக்கத்துக்கு அனுப்பாமல் என் மேசையிலேயே வைத்துக்கொண்டேன். கட்டுரையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அதில் ஒரு வார்த்தை இல்லை. அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறவர் அவர். அவருடைய ஏழாம் வகுப்பில் ஒரு பெண், கரும்பலகையில் இருப்பதை அச்சு மாதிரி நோட்டில் இறக்கிவிடுவாளாம். பிழை கிடையாது, அடித்தல் திருத்தல் கிடையாது. எழுதி முடித்த கையோடு, "எங்கே, முதல் வரியைப் படி" என்றால் வாய் திறக்க மாட்டாள்.

"அவள் எழுதவில்லை சார், வரைகிறாள்" என்று முடித்திருந்தார்.

ஒரு பெண்ணின் கதையாக இது இருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடலாம். கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ஏசர் அறிக்கையின்படி, 2018இல் நாடு முழுவதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் 73 சதவீதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தது. கொரோனாவுக்குப் பிறகு, 2022இல், அது 69.6 ஆக இறங்கியது. எட்டு வருடம் பள்ளிக்கு வந்த பத்துப் பேரில் மூன்று பேருக்கு, இரண்டாம் வகுப்பில் கைவர வேண்டியது இன்னும் கைவரவில்லை.

காரணம் கேட்டால் நம்மிடம் பட்டியல் தயாராக இருக்கிறது. கொரோனா, செல்போன், பெற்றோர், ஆல் பாஸ். இதில் ஆல் பாஸ் மேல்தான் எல்லோருக்கும் ஆத்திரம். ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று 2019இல் தமிழக அரசு அறிவித்ததும், எதிர்ப்புக் கிளம்பி 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். அந்த ஆத்திரத்தில் எனக்குப் பங்கு இல்லை. படிக்கத் தெரியாத பிள்ளையை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்தால், அதே கால அட்டவணையில்தானே உட்கார வைக்கப் போகிறோம்? அந்த அட்டவணையைப் பற்றித்தான் இந்த முறை பேச நினைத்தேன்.

கடிதம் எழுதிய டீச்சர் அழைத்ததால் ஒரு நாள் போய் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். 40 நிமிட பீரியட். மணி அடித்தபோது டீச்சர் பத்தாம் வகுப்பில் இருந்தார். அது மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டடம். வந்து, வணக்கம் வாங்கி, முந்தின பீரியட்டின் கணக்கைப் பலகையிலிருந்து அழிக்கச் சொல்லி, உதவித்தொகைக்கு வங்கிப் பாஸ்புக் நகல் கொண்டுவராதவர்களை எழுப்பி நிற்கவைத்துப் பெயர் குறித்துக்கொண்டார். வகுப்பாசிரியர் என்பதால் அந்த வேலை அவர் தலையில். பத்து நிமிடம் போயிற்று. பிறகு செய்யுளை அவரே இசையோடு ஒரு தரம் படித்தார், நன்றாகப் படித்தார். அடுத்து இரண்டு பேர் எழுந்து படித்தார்கள். இருவருமே தடங்கலின்றிப் படிக்கிறவர்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் எழுப்ப முடியும், பீரியட் ஓட வேண்டுமே. நாற்பதை ஒட்டிய வகுப்பில் அன்றைக்கு வாய்விட்டுப் படித்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். மற்றவர்கள் கோரஸாகச் சொன்னார்கள்.

மூன்றாவது பெஞ்சில் அந்தப் பெண். கோரஸ் சொல்லும்போது அவள் உதடும் அசைந்தது, பக்கத்துப் பெண்ணின் வாயைப் பார்த்துப் பார்த்து, ஒரு சொல் பின்னால். புத்தகத்தில் அவள் விரல் நகர்ந்துகொண்டுதான் இருந்தது, வேறு பத்தியில். பிறகு சொல்லும் பொருளும், பிறகு பலகையில் வினா விடை. அங்கே அவளுக்கு உயிர் வந்துவிட்டது. தலைப்புக்குச் சிவப்பு மையில் கோடு, ஓரத்தில் பூவேலை. மணி அடித்தது. நோட்டில் டீச்சர் போட்ட டிக் குறிகளை எண்ணிப் பார்த்தால் அவள் வகுப்பிலேயே நல்ல மாணவி.

"இவளைத் தனியா உட்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கணும்னு எனக்கும்தான் சார் ஆசை. எந்த பீரியட்ல?" என்று வராண்டாவில் கேட்டார் டீச்சர். அடுத்து அவருக்கு ஒன்பதாம் வகுப்பு.

கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் காலைப் பிரார்த்தனையிலிருந்து மாலை மணி வரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர். தமிழில் பிள்ளை தடுமாறினால் மதியக் கணக்கு நேரத்தில் கால் மணி எடுத்துக்கொள்வார், கேட்பார் கிடையாது. இவர்கள் இடைநிலை ஆசிரியர்கள். எழுத்தறிவிக்கவென்றே பட்டயப் படிப்புப் படித்தவர்கள். 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியபோதும், அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கு நீண்டபோதும் பயிற்சி பெற்றவர்கள் இவர்கள்தான். ஆறாம் வகுப்பில் காலெடுத்து வைத்ததும் எல்லாம் மாறுகிறது. நாளுக்கு எட்டு பீரியட், பாடத்துக்கு ஒரு பட்டதாரி ஆசிரியர். தமிழாசிரியருக்குப் புணர்ச்சி தெரியும், யாப்பு தெரியும், அணி தெரியும். 'கொ'வுக்கும் 'கோ'வுக்கும் தடுமாறும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதை அவருக்குத் தமிழ் இலக்கியப் பட்டத்திலும் சொல்லித் தரவில்லை, பி.எட்.டிலும் பெரிதாகச் சொல்லித் தரவில்லை. ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளை படிக்கத் தெரிந்துதான் வரும் என்று நம்பிக் கட்டிய ஏற்பாடு இது.

பழைய நம்பிக்கை. நம் தாத்தாக்கள் ஆறாம் வகுப்பை 'ஃபர்ஸ்ட் ஃபாரம்' என்பார்கள். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் வடிகட்டப்பட்ட சிலர்; படிக்க வராதவர்களும் வசதியில்லாதவர்களும் அதற்கு முன்பே ஆடு மேய்க்கவோ தறிக்கோ போயிருப்பார்கள். இன்று எல்லோரும் ஆறாம் வகுப்புக்கு வருகிறார்கள். மதிய உணவிலிருந்து பஸ் பாஸ் வரை எத்தனையோ பேரின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது; தமிழ்நாடு நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயம். ஆனால் எல்லோரும் வந்த பிறகும் பீரியட் மணி மட்டும் அந்தச் சிலருக்காக அடித்த மாதிரியே அடிக்கிறது.

சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள், 1000 மணி நேரக் கற்பித்தல் என்கிறது. நாளுக்கு நாலரை மணி நேரம். கணக்கும் அறிவியலும் சேர்த்துக் குறைந்தது ஓர் ஆசிரியர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். மொழி என்று சட்டம் ஒருமையில் சொல்லவில்லை. அந்தக் குறைந்தபட்சத்தோடு ஓடும் நடுநிலைப் பள்ளியில் மூன்று வகுப்புக்கும் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ஒருவரே எடுத்தால் நாளுக்கு ஆறு பீரியட் அவருக்கு. மிச்சம் இரண்டில் நோட்டுத் திருத்த வேண்டும், எமிஸ் தளத்தில் விவரங்களை ஏற்ற வேண்டும், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்துக்கூட்ட வைக்க அந்த நாளில் இடமே இல்லை.

அன்று நான் அடுத்த பீரியடுக்கும் உட்கார்ந்தேன். அறிவியல், 'விசையும் இயக்கமும்'. இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம். சொல்லுக்குச் சொல் நீளம், வாக்கியத்துக்கு வாக்கியம் புதுக் கருத்து. சமூக அறிவியலைத் திறந்தாலும் அதே கதைதான். 2018 முதல் வந்த பாடநூல்கள் பார்க்க அழகானவை, தகவல் செறிந்தவை. தடுமாறிப் படிக்கிற பிள்ளைக்கு அந்தச் செறிவே மதில். வாசிக்கச் சொல்லித் தருவதை வேறு யாரோ முடித்து அனுப்பிவிட்டதாக நினைத்து அறிவியல் ஆசிரியர் பாடம் நடத்துகிறார். தமிழ் டீச்சரும் அப்படித்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது பெஞ்ச் பெண்ணுக்கு அறிவியல் வராது என்று மதிப்பெண் பட்டியல் சொல்லும். இடப்பெயர்ச்சியை மாடு ஓட்டிக்கொண்டு போகிற உதாரணத்தோடு சார் விளக்கியபோது முதல் ஆளாகத் தலையாட்டியவள் அவள்தான், நான் பார்த்தேன்.

அமெரிக்காவில் 2004இல் 'ரீடிங் நெக்ஸ்ட்' என்று ஓர் அறிக்கை வந்தது. நடுநிலை, உயர்நிலைப் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றியது. நாளுக்கு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் வாசிப்பும் எழுத்தும் சார்ந்த பயிற்சி வேண்டும் என்று அது சொன்னபோது அங்கேயும் புருவம் உயர்ந்திருக்கும். அத்தனை நேரத்தையும் மொழிப் பாடத்துக்கே கேட்கவில்லை அந்த அறிக்கை. அறிவியல் வகுப்பில் அறிவியலை எப்படிப் படிப்பது, வரலாற்று வகுப்பில் வரலாற்றை எப்படிப் படிப்பது என்று அந்தந்த ஆசிரியரே சொல்லித் தரும் நேரமும் அதில் சேர்த்தி. நம் சட்டம் தரும் நாலரை மணி நேரத்துக்குள் இதற்கு இடமிருக்கிறது. நாம் அதைத் தமிழ் என்று எழுதிய ஒரே கட்டத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

நம் ஊரில் இது நடக்காமலும் இல்லை. 2007 வாக்கில் ஆறு முதல் எட்டுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியை, ஏ.எல்.எம். என்றால் ஆசிரியர்களுக்கு உடனே தெரியும், இன்றைக்குப் பலர் மன வரைபடத்தோடு மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடம் வரை சார்ட் ஒட்டியதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால் அதன் தொடக்கப் படிகளில் ஒன்று, பாடம் எதுவானாலும் பிள்ளைகள் தாங்களே படித்துத் தெரியாத சொல்லை அடிக்கோடிட வேண்டும் என்பது. ஒரு பீரியடில் அது முடியாது என்று பல பள்ளிகள் இரண்டு பீரியடைச் சேர்த்தே நடத்தின. பிறகு முப்பருவ முறை வந்தது, புதுப் புத்தகங்கள் வந்தன, ஏ.எல்.எம். பேச்சிலிருந்து மெல்ல நழுவியது. சார்ட்டுகளைக் கழற்றியபோது சேர்ந்த பீரியடையும் பிரித்துவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

பள்ளியின் அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று முதல் எட்டு வரை உள்ள நடுநிலைப் பள்ளியில் ஒன்று. ஆறில் தொடங்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியில் மற்றொன்று. முன்னது தொடக்கக் கல்வி இயக்ககத்தின் கீழ், பின்னது பள்ளிக் கல்வி இயக்ககத்தின் கீழ். ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், இரண்டு நிர்வாகம். பெற்றோருக்குப் பெரிய பள்ளி மேல்தான் கண். பையன் ஐந்து முடித்ததும் டவுனுக்கு அனுப்பிவிட வேண்டும், 'ஹைஸ்கூல்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். அங்கே ஆறாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியரே பத்தாம் வகுப்பும் எடுப்பார். தலைமையாசிரியரிடம் ரிசல்ட் கேட்கிறார்கள் என்றால் அது பத்தாம் வகுப்பு ரிசல்ட். காலை மாலை சிறப்பு வகுப்பும் பத்துக்குத்தான். ஆறாம் வகுப்புப் பிள்ளையை மாலையில் நிறுத்தினால் டவுன் பஸ் போய்விடும், அடுத்த பஸ் இருட்டிய பிறகு.

நியூயார்க் நகரத்தில் ராக்காஃப், லாக்வுட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. எட்டு வரை ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகளையும், ஆறிலோ ஏழிலோ தனி நடுநிலைப் பள்ளிக்கு மாறிய பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். மாறிய வருடமே கணக்கிலும் ஆங்கிலத்திலும் சரிவு. எட்டாம் வகுப்பு வரை அது சரியாகவில்லை. அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு. அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் ஏறக்குறைய ஏழாயிரம் அரசு நடுநிலைப் பள்ளிகளை வைத்துக்கொண்டு அவற்றைப் பாதிப் பள்ளிகள் மாதிரி பார்க்கிறோமே, அது சரியா என்று யோசிக்க வைக்கிறது.

நடுநிலைப் பள்ளியில் ஒரு வசதி உண்டு. ஒன்றாம் வகுப்பு டீச்சரும் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் காலை முதல் பீரியடை மொழிக்கென்று ஒரே நேரத்தில் வைத்துவிட்டார். அந்த நேரம் வகுப்பு கலைந்து, வாசிப்பைப் பொறுத்துப் பிள்ளைகள் வேறு வேறு அறைக்குப் போவார்கள். சரளமாகப் படிப்பவர்கள் நூலக அலமாரிப் பக்கம், தாங்களே. வாக்கியம் வரை வந்தவர்கள் தமிழாசிரியரிடம். கணக்கு சாருக்கும் ஒரு குழு. வழிக்கணக்கைச் சத்தமாகப் படிக்க வைத்து, என்ன கேட்கிறார்கள் என்று சொல்ல வைப்பார். எழுத்திலேயே நிற்கிற பிள்ளைகளுக்கு ஒன்றாம் வகுப்பு டீச்சர். அந்த ஒரு பீரியடுக்கு அவருடைய சின்னஞ்சிறுசுகளை இரண்டாம் வகுப்பு டீச்சர் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு முதலில் கூச்சம். "நீங்க என்கிட்ட படிச்சவங்கதானேடா, என்ன வெட்கம்" என்று சொல்லி அந்த அம்மா கூச்சத்தைப் போக்கிவிட்டாராம். புதிதாக நிதி கிடையாது, பணியிடம் கிடையாது, சுற்றறிக்கை கிடையாது. மணி அடிக்கிற நேரத்தை மாற்றிப் போட்டார், அவ்வளவுதான். அதற்கே சக ஆசிரியர்களோடு பல நாள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த வளாகத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை ஒன்று முதல் ஐந்து வரை என்றுதான் வகுத்தார்கள். தம்பி தங்கைகள் தட்டோடு உட்கார, ஆறாம் வகுப்புக்காரன் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். அந்த வெறும் வயிற்றோடுதான் அவன் முதல் பீரியடில் வாசிக்கிறான். கால அட்டவணை பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கிய பிள்ளைகளைச் சோதித்தறிந்து தமிழ், ஆங்கிலம், கணிதம் தனியாகச் சொல்லித் தரும் 'திறன்' திட்டம் 2025-26 கல்வியாண்டில் வந்திருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு தேவைப்படலாம் என்று ஒப்புக்கொண்டதே பெரிய மாற்றம். அரசின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகச் சிறு புத்தகங்கள் கொடுத்திருக்கிறது. ஆறு முதல் ஒன்பது வரைக்கும் 'தேன்சிட்டு' இதழ் வருகிறது. போட்டி இதழ் என்றாலும் மனதாரப் பாராட்டுகிறேன், அட்டைகள் எங்களுடையதைவிட நன்றாக இருக்கின்றன. எனக்குள்ள சந்தேகம் ஒன்றுதான். இதையெல்லாம் படிக்க எந்த பீரியட்? வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை அட்டவணையில் இருக்கிறது. விளையாட்டு பீரியட், ஓவிய பீரியட் மாதிரி அதுவும் கடன் போகிற பீரியட். கணக்கு சாருக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் அதைத்தான் கேட்பார், பிள்ளைகளும் முணுமுணுத்துவிட்டுக் கணக்கு நோட்டை எடுப்பார்கள். வாங்கிய பீரியடை யாராவது திருப்பிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டதுண்டா?

இந்த இதழில் இதையொட்டி இரண்டு விஷயங்கள் சேர்த்திருக்கிறோம். நடுப்பக்கத்தில் எட்டுப் பக்கத்துக்கு ஒரு கதை. எழுத்து பெரிது, வாக்கியம் சிறிது, ஆனால் கதை பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கானது. தடுமாறிப் படிக்கிற பெரிய பிள்ளைகளிடம் நாய்க்குட்டி, பட்டாம்பூச்சிக் கதைகளை நீட்டினால் அவர்களுக்கு அவமானமாக இருக்கிறது என்று பல ஆசிரியர்கள் சொன்னதால் இந்த ஏற்பாடு. பின் அடித்திருக்கும் இடத்தில் பிரித்தால் தனிப் புத்தகமாக வந்துவிடும். அடுத்த பக்கங்களில் அந்தத் தலைமையாசிரியர் தம் பள்ளி அட்டவணையை எப்படி மாற்றினார் என்று அவரே எழுதியிருக்கிறார், பெயர் போட வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் எந்தப் பீரியடை எதோடு சேர்த்தீர்கள், யார் சம்மதித்தார்கள், யார் முறைத்தார்கள், எத்தனை நாள் தாக்குப் பிடித்தது என்று எழுதுங்கள். தோற்றுப்போன முயற்சியானாலும் எழுதுங்கள். பள்ளியின் பெயரும் உங்கள் பெயரும் வேண்டாம்; மாவட்டமும் வகுப்பும் போதும். பெற்றோர்களாக இருப்பவர்கள் பிள்ளையிடம் நூலக பீரியட் என்றைக்கு என்று கேட்டுப் பாருங்கள், பதில் வருவதற்குள் எவ்வளவு நேரமாகிறது என்றும் குறித்து அனுப்புங்கள். அடுத்த இதழில் இதற்கென்று நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். போதாவிட்டால் சமையல் குறிப்பில் ஒரு பக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறேன்; அந்தப் பகுதியின் பொறுப்பாளரிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்